வாகைகுளம் டு வி.வி.டி. சிக்னல்: ஒரு 749 ரூபாய்க் கதை

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கிற ஒரே ஆள் நான். அதனால் ரேஷன் கார்டில் பெயர் திருத்துவதிலிருந்து கேஸ் சிலிண்டர் புக் பண்ணுவது வரை எல்லாம் என் தலையில்தான் விழும். அக்கா கல்யாணத்திலும் அப்படி ஒரு வேலை வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து ஆச்சியும் சித்தியும் விமானத்தில் வருகிறார்கள். ஆச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்தான். முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி பூரா அலைக்கழிக்க வேண்டாம் என்று மாமா டிக்கெட் எடுத்துவிட்டார். எங்கள் வீடோ இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் வி.வி.டி. சிக்னல் பக்கம் லிஃப்ட் வைத்த ஒரு லாட்ஜில் அப்பா ரூம் போட்டிருந்தார். வாகைகுளம் விமான நிலையத்திலிருந்து அந்த லாட்ஜுக்கு ஒரு கார் ஏற்பாடு பண்ண வேண்டும். சுமார் 15 கிலோமீட்டர். இவ்வளவுதான் என் வேலை.

இதைக் கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை என்று வீட்டில் இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். தப்பு என்மேல் மட்டுமா என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நெட்டில் தேடினேன். ‘ஏர்போர்ட் டு ஹோட்டல், தனிக் கார், 749 ரூபாய்’ என்று ஒரு தளம் கொட்டை எழுத்தில் காட்டியது. சிரிக்கிற டிரைவர், வெள்ளைச் சட்டை, கையில் பெயர்ப் பலகை, பின்னால் ஏதோ வெளிநாட்டு விமான நிலையம். பேர், ஃபோன் நம்பர் எல்லாம் கொடுத்து அடுத்த பக்கம் போனால் விமான நிலையக் கட்டணம் என்று ஒன்று. அதற்கடுத்த பக்கத்தில் வசதிக் கட்டணம் (யாருக்கு வசதி என்று போடவில்லை). கடைசியில் ஜிஎஸ்டி. பணம் கட்டுகிற பக்கம் வரும்போது தொகை 1,068. இவ்வளவு தூரம் வந்தாச்சு, திரும்பப் போய் முதலிலிருந்து தேடவா என்று கட்டிவிட்டேன். அந்தச் சோம்பலை நம்பித்தான் அந்தப் பக்கங்களையே அப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

அன்றைக்கு விமானம் 55 நிமிஷம் லேட். நான் லாட்ஜ் வாசலில் ரூம் சாவியோடு நிற்கிறேன். டிரைவர் எனக்கு ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். “சார், ஃப்ரீ வெயிட்டிங் முடிஞ்சிட்டு. முந்நூறு ரூவா கையில தந்தா நிக்கேன், இல்லைன்னா அடுத்த ட்ரிப் இருக்கு” என்றார். நான் ரூல்ஸ் பேசினேன். விமான நம்பர் வாங்கியிருக்கிறீர்களே, லேட்டாவது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். “அதெல்லாம் எனக்கு வரல சார், டைமும் போன் நம்பரும் மட்டும்தான் வந்துது” என்றார். அதோடு சரி. பிறகு எத்தனை தடவை போட்டாலும் ரிங் போய்க்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் தளத்திலிருந்து மெசேஜ்: ‘பயணி வரவில்லை. பயணம் முடிக்கப்பட்டது.’ ஆச்சி அப்போது வானத்தில் இருந்தாள்!

இறங்கியதும் சித்தி ஃபோன் செய்தாள். “ஏல, இங்க ஒருத்தனையும் காணோமே. ஆச்சியால நிக்க முடியலடா.” இருட்டிக்கொண்டு வந்தது. விமானத்தில் கூட வந்தவர்கள் எல்லாம் சொந்தக் காரிலும், சொல்லி வைத்த காரிலும் ஏறிப் பத்து நிமிஷத்தில் காலி. கடைசியில் ஒரு வெள்ளை போர்டு கார்க்காரர் 1,500 கேட்டார். ஆச்சி டிராலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பேரம் பேச யாருக்கு மனசு வரும்? ஏறிவிட்டார்கள்.

1,068ம் 1,500ம் சேர்த்துப் பாருங்கள். 15 கிலோமீட்டருக்கு 2,568 ரூபாய்.

வீட்டில் உடனே வந்த தீர்ப்பு, ‘டாக்ஸிக்காரனுவ எல்லாம் கொள்ளைக்காரனுவ.’ நானும் இரண்டு நாள் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்யாணம் முடிந்து ஆச்சியைத் திரும்ப விமான நிலையத்தில் கொண்டுவிட லாட்ஜ் வரவேற்பில் ஒரு டிரைவர் அண்ணாச்சி நம்பர் கொடுத்தார்கள். அவரோடு வாகைகுளம் போய்த் திரும்பியபோதுதான் இந்தத் தொழிலின் மறுபக்கம் தெரிந்தது. அதற்குப் பிறகு என் கருத்து மாறிவிட்டது. டிரைவர் பேராசைப்பட்டதால் வந்த தொல்லை இல்லை இது. காத்திருக்கும் நேரம் யார் கணக்கு என்பதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால் வந்தது.

அண்ணாச்சி சொன்ன கணக்கு இது. ஊரிலிருந்து வாகைகுளத்துக்குக் காலி வண்டியாகப் போக வேண்டும், 15 கிலோமீட்டர். ஆளை ஏற்றிக்கொண்டு திரும்ப 15. பாளையங்கோட்டை ரோட்டில் புதுக்கோட்டை, கோரம்பள்ளம், மூன்றாவது மைல் என்று கண்டெய்னர் லாரிகளோடு வர வேண்டும். ஏசியும் போட்டால் இரண்டு லிட்டர் டீசல் போய்விடும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் 180. “இந்த நெட் ட்ரிப்பெல்லாம் எங்க டிரைவர் குரூப்புக்கும் வரும் தம்பி. ஒருத்தன் புடிச்சு இன்னொருத்தனுக்கு வித்து, அவன் மதுரையில ஒருத்தனுக்குக் குடுத்து, கடைசில நம்மகிட்ட வரும்போது 450, 480ன்னு நிக்கும்” என்றார். 480இல் டீசல் போனால் 300. அதில் வண்டித் தவணை, இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர் எல்லாம் இருக்கிறது. இதற்கு இரண்டரை மணி நேரம். விமானம் ஒரு மணி நேரம் லேட்டானால் மூன்றரை. அந்த நேரத்தில் ஊருக்குள் புதிய பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தால் வேறு ஒரு சவாரி கிடைத்திருக்கும்.

நான் கட்டிய 1,068 எங்கே, டிரைவர் கைக்குப் போகிற 480 எங்கே? நடுவில் இருக்கிற பணத்துக்கு யார் என்ன வேலை செய்தார்கள்? விமான நம்பரைக் கூட டிரைவருக்குத் தள்ளிவிடவில்லையே! என்னிடம் கேட்டு வாங்கிய தகவல்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

(இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். நம் விமான நிலையத்தின் குறியீடு டி.சி.ஆர். ரயில்வேயில் அதே டி.சி.ஆர். என்றால் கேரளத்துத் திருச்சூர். நம் ரயில் நிலையத்துக்கு வெறும் டி.என். தான். ஊர்ப் பெயரும் ஒரு இடத்தில் தூத்துக்குடி, இன்னொரு இடத்தில் டூட்டிகோரின். எங்கோ உட்கார்ந்துகொண்டு புக்கிங்கைப் பார்க்கிறவருக்கு எந்த டி.சி.ஆர். என்று குழப்பம் வந்தால் ஆச்சரியம் இல்லை. வண்டி நம்பரும் இறங்கும் இடத்தின் முழு விலாசமும் தமிழிலேயே ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.)

இந்தத் தொல்லை இனிமேல் கூடுமே தவிரக் குறையாது. வாகைகுளம் விமான நிலையம் 1992இல் திறந்தது. ஓடுபாதை 1,350 மீட்டர்தான் என்பதால் வெகுகாலம் சிறிய ஏடிஆர் ரக விமானங்கள்தான் வந்து போயின. எழுபது சொச்சம் பேர் இறங்குவார்கள், பத்து நிமிஷத்தில் வாசல் காலி. அடுத்த விமானம் வரை ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால்தான் சென்னை மாதிரி இங்கே டாக்ஸி வரிசையில் நின்று பிழைக்க முடியாது. முன்கூட்டிச் சொல்லி வைத்தால்தான் வண்டி. 2025 ஜூலை 26ஆம் தேதி பிரதமர் புதிய முனையத்தைத் திறந்து வைத்தார். 17,340 சதுர மீட்டர் கட்டடம், 3,115 மீட்டராக நீட்டிய ஓடுபாதை, சுமார் 450 கோடி ரூபாய் செலவு. வருஷத்துக்கு 20 லட்சம் பயணிகளைத் தாங்கும் என்றார்கள். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற பெரிய விமானங்கள் இறங்குகிற நீளம் அது. ஒரே நேரத்தில் 180 பேர் வெளியே வந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். 450 கோடியில் வானத்திலிருந்து தரைக்குக் கொண்டுவந்துவிட்டோம். தரையிலிருந்து லாட்ஜுக்கு உள்ள 15 கிலோமீட்டரை மட்டும் ‘உன் பாடு, டிரைவர் பாடு’ என்று விட்டுவிட்டோம்.

பஸ்ஸில் போகலாமே என்பார்கள். நெல்லை ரோட்டில் பஸ் ஓடுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. பெட்டியும் ஆபரேஷன் செய்த முழங்காலும் உள்ள ஆளுக்கு அது பதில் இல்லை.

நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் கரையோரம் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் சுமார் 5 மைல் தள்ளிக் கடலிலேயே நங்கூரம் போடும். சரக்கையும் ஆட்களையும் தோணியிலும் லாஞ்சிலும்தான் கரைக்குக் கொண்டுவருவார்கள். கொழும்பிலிருந்து வருகிறவருக்கு எதிரே ஊர் தெரியும், ஆனால் தோணிக்காரர் வந்தால்தான் ஊர். 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட காலம் வரை ஊரின் பிழைப்பே இந்தக் கடைசி 5 மைலில்தான் ஓடியது. 

மலிவு விலைக் கதையும் இங்கே ஏற்கெனவே நடந்ததுதான். வ.உ.சி. 1906இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்து, காலியா, லாவோ என்ற கப்பல்களைக் கொழும்புக்கு விட்டபோது வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைத் தடாலடியாகக் குறைத்தது. கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு போவதாகவும், கூடவே ஒரு குடை தருவதாகவும் ஆசை காட்டியது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். நஷ்டத்துக்கு டிக்கெட் விற்பவன் தர்மத்துக்கு விற்கவில்லை என்பது 1908இல் அவர் சிறைக்குப் போய், 1911இல் கம்பெனியே கலைந்த பிறகு ஊருக்குப் புரிந்தது. 749 ரூபாய் விளம்பரத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தக் குடை ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதற்காக நெட்டில் புக் பண்ணுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஊர் பேர் தெரியாத ஒருவர் பெங்களூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரும்போது யாருக்கு ஃபோன் செய்வார்? பெண்கள் தனியாக வரும்போது வண்டி நம்பரும் டிரைவர் பெயரும் முன்கூட்டியே கையில் இருப்பது எவ்வளவு நிம்மதி! என் சண்டை முதல் பக்கத்தில் ஒரு விலை, கடைசிப் பக்கத்தில் ஒரு விலை என்பதோடுதான். இப்படிச் சொட்டுச் சொட்டாக விலையைக் கூட்டுவதை நுகர்வோரை ஏமாற்றும் வழிகளில் ஒன்றாக மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையிலேயே சேர்த்திருக்கிறார்கள். 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி, ஆன்லைனில் விற்கிற நிறுவனம் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இது எதுவும் எனக்கு அன்றைக்குத் தெரியாது. பிறகு தெரிந்துகொண்டு தளத்துக்கு எழுதினேன், விமானம் தாமதமாக வந்த ஆதாரத்தையும் அனுப்பினேன். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தேன். மூன்று வாரம் கழித்துப் பணம் வந்தது, வசதிக் கட்டணம் நீங்கலாக. அசௌகரியத்துக்கும் கட்டணம் உண்டு போலிருக்கிறது.

வாடகைக் கார் செயலிகளுக்கும் 2025 ஜூலையில் புதிய வழிகாட்டுதல் வந்திருக்கிறது. சரியான காரணம் இல்லாமல் சவாரியை ரத்து செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம் என்கிறது. ஊருக்குள் நாலு கிலோமீட்டர் சவாரிக்கு இது நியாயம். ஒரு வண்டி போனால் இன்னொரு வண்டி வரும். வாகைகுளத்தில் ஒரு வண்டி போனால் போனதுதான். அங்கே 100 ரூபாய் அபராதத்தை வைத்து என்ன செய்வது?

அடுத்தது வெள்ளை போர்டு. இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், ஏனென்றால் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இப்படி ஓட்டுகிறார்கள். நல்ல மனிதர்கள். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். வாடகைக்கு ஓடுகிற கார் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தோடு இருக்க வேண்டும், அதற்கு 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் வேண்டும். வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு. சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவது சேராது. நல்லபடியாக வீடு வந்து சேருகிற வரை எந்த வித்தியாசமும் தெரியாது. ராத்திரி நேரம், லாரி ஓடுகிற ரோடு, ஏதாவது ஆகிவிட்டால் காருக்குள் இருந்தவர்களின் நஷ்ட ஈடு வழக்கு அந்த ஒரு வரியில் வந்து மாட்டிக்கொண்டு இழுக்கும். ஆச்சி அன்றைக்கு அப்படி ஒரு காரில்தான் வந்தாள். எனக்கு அதை நினைத்தால் 1,500 ரூபாய் பெரிதாகத் தெரியவில்லை. மஞ்சள் போர்டு வைத்து வரியும் பர்மிட்டும் கட்டுகிற அண்ணாச்சி போட்டி போட வேண்டியதும் இவர்களோடுதான் என்பதையும் யோசியுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? என் கருத்து இதுதான். வாகைகுளத்தில் வெளியே வருகிற கதவுக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு பெரிய ரேட் போர்டு வேண்டும். ஊருக்குள் எந்தப் பகுதிக்கு எவ்வளவு, திருச்செந்தூருக்கு எவ்வளவு, நெல்லைக்கு எவ்வளவு. காலி வண்டியாக வருகிற தூரமும், விமானம் இறங்கிய பிறகு ஒரு மணி நேரம் காத்திருப்பதும் சேர்த்தே அந்தத் தொகை இருக்க வேண்டும். கூடவே சென்னை விமான நிலையத்தில் உள்ள மாதிரி முன்பணம் கட்டி ரசீது வாங்குகிற கவுண்டர். வாடகைக் கட்டணத்தை நிர்ணயிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 67ஆவது பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. முடியாத காரியம் இல்லை.

‘ரேட் போர்டு வைத்தால் மட்டும் நடந்துவிடுமா, சென்னை ஆட்டோ கதை தெரியாதா?’ என்று வகுப்பில் ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 என்று அறிவித்தார்கள். பிறகு டீசலும் பெட்ரோலும் எங்கேயோ போயின, அந்த ரேட்டைப் பத்து வருஷத்துக்கு மேல் தொடவே இல்லை. மீட்டர் செத்துப்போனதற்கு டிரைவர்கள் மட்டுமா காரணம்? வாழ முடியாத ரேட்டை எழுதி வைத்தால் எவனும் மதிக்க மாட்டான். வருஷத்துக்கு ஒரு தடவை, எரிபொருள் விலையைப் பார்த்து, டிரைவர்களையும் உட்கார வைத்துப் பேசி மாற்ற வேண்டும். பங்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்தால் இந்தக் கரையில் வேலை நடக்கும். வெள்ளைக்காரர் காலத்து அரசாங்க முத்துக்குளிப்பில் குளித்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பி என்பது கடலில் இறங்கும் முன்பே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 1961க்குப் பிறகு இங்கே அப்படி ஒரு முத்துக்குளிப்பு நடக்கவில்லை என்பது வேறு கதை.

போர்டு வருகிற வரை? மொத்தத் தொகையை மெசேஜில் எழுதி வாங்குங்கள். டோல் வந்தால் யார் கட்டுவது, விமானம் ரத்தானால் என்ன கணக்கு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி ரோடு, ரயில், விமானம் எல்லாம் நின்றதைப் பார்த்த ஊர் நாம். முன்பணம் கட்டியவர் அன்றைக்கு யாரிடம் போய்க் கேட்பார்? கடலோர மாவட்டத்தில் இது கேட்க வேண்டிய கேள்விதான்.

டிரைவர் அண்ணாச்சியிடம் நான் கேட்டு வாங்கிய மெசேஜ் இன்னும் ஃபோனில் இருக்கிறது: ‘வாகைகுளம் டு லாட்ஜ். மொத்தம் 900. வெயிட்டிங் இதுல சேந்துட்டு, இறங்குனதுல இருந்து ஒரு மணி நேரம். பிளைட் கேன்சல்னா ஒண்ணும் வேண்டாம். வண்டி மஞ்ச போர்டு.’ கீழே வண்டி நம்பர். நாலு வரி. நான் கட்டிய 1,068ஐ விட 168 குறைவு, அவர் கைக்கு வருவது நெட் ட்ரிப்பில் வருகிறதைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

“லேட்டான உங்களுக்கு நஷ்டமில்லையா அண்ணாச்சி?” என்று கேட்டேன். “கிளம்புறதுக்கு முன்னாடி மெட்ராஸ்ல பிளைட் ஏறிட்டான்னு போன்ல பாத்துட்டுத்தான் தம்பி வண்டியவே எடுப்பேன். அதுக்குத்தானே பிளைட் நம்பர் கேக்கேன்” என்றார்.

ஆச்சி தை மாசம் மறுபடி வருகிறாள். இந்தத் தடவை டிக்கெட் எடுத்ததும் மாமா எனக்கு முன்னாடியே அவருக்கு ஃபோன் போட்டுவிட்டாராம்.